புருவ மத்தியில் விழுந்த கோடுகள்: ஊசியா, ஃபில்லரா, லேசரா?

செக்காலை வாசகி எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 49. காரைக்குடியில் நகைக்கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கிளையில் 22 ஆண்டுகளாகக் கவுண்டரில் அமர்ந்து வேலை பார்க்கிறேன். என் இரண்டு புருவங்களுக்கும் நடுவே மேலும் கீழுமாக இரண்டு கோடுகள் ஆழமாக விழுந்துவிட்டன. நாற்பது வயதில் முகத்தைச் சுளிக்கும்போது மட்டும் தெரிந்தவை, இப்போது தூங்கி எழுந்து கண்ணாடியைப் பார்த்தாலும் அப்படியே இருக்கின்றன.

இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவள் அல்ல நான். சென்ற மாதம் நடந்த ஒன்றுதான் மனத்தை வருத்திவிட்டது. நேமத்தான்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த வயதான கணவனும் மனைவியும், என் கவுண்டர் காலியாக இருந்தும் இருபது நிமிடம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நானே எழுந்து போய்க் கேட்டபோது, "நீங்க ஏதோ கோவமா இருந்தீங்க, கொஞ்சம் பொறுத்து வருவோம்னு இருந்தோம் ஆச்சி" என்று அந்த அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் கோபமாக இல்லை. ரசீதில் இருந்த பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அதன்பிறகு மதுரையில் ஓர் அழகுச் சிகிச்சை நிலையத்துக்குப் போய் விசாரித்தேன். தசையைத் தளர்த்தும் ஊசி, பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர், தோலைப் புதுப்பிக்கும் லேசர் ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்துகொண்டால் சலுகை உண்டு என்றும், அன்றைக்கே முன்பணம் கட்டினால்தான் அந்தச் சலுகை என்றும் சொன்னார்கள். எதற்கு எது, எது தேவை, எது தேவையில்லை என்று கேட்டதற்குத் தெளிவான பதில் வரவில்லை. பணம் கட்டாமல் பேருந்து ஏறி வந்துவிட்டேன். இதைச் செய்துகொண்டவர்களோ மருத்துவம் அறிந்தவர்களோ இங்கே இருந்தால், உங்களுக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுத வேண்டுகிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

தங்கச்சி, எங்கள் அப்பத்தாள் இரவில் விளக்கெண்ணெயைப் புருவ மத்தியில் தடவி, கட்டை விரலால் கீழிருந்து மேலாக நீவிவிட்டுத்தான் படுப்பார்கள். எண்பது வயதிலும் நெற்றி பளபளவென்று இருந்தது. முட்டை வெள்ளைக்கருவைப் பூசிக் காயவிட்டால் சுருக்கம் இழுபட்டு நிற்கும் என்று என் சம்மந்தியும் சொல்கிறார்கள். ஊசி என்றாலே விஷம் என்கிறார்களே, அது உண்மையா? முகத்தில் விஷத்தை ஏற்றிக்கொள்வதற்கு முன் இவற்றைச் செய்து பார்க்கக் கூடாதா?

தேவகோட்டை தோல் மருத்துவர் எழுதியது:

செக்காலை ஆச்சிக்கு வணக்கம். உங்கள் முகத்தை நேரில் பார்க்காமல் இன்னது செய்துகொள்ளுங்கள் என்று சொல்வது முறையாகாது. ஆனால் அந்த நிலையத்தில் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய, சொல்லாமல் விட்ட செய்திகளை இங்கே விரிவாக எழுத முடியும்.

புருவ மத்திக் கோடு தோலில் தெரிந்தாலும் அது பிறக்கும் இடம் தசை. புருவத்தின் உள்முனையில் எலும்பிலிருந்து புறப்பட்டு, சாய்வாக மேல்நோக்கி ஓடிப் புருவத் தோலில் போய் முடிகிற கொருகேட்டர் என்னும் தசை இரண்டு பக்கமும் இருக்கிறது. மூக்குத் தண்டின் மேலிருந்து நெற்றிக்கு ஏறுகிற புரொசீரஸ் என்னும் தசை நடுவில் இருக்கிறது. கொருகேட்டர்கள் சுருங்கும்போது புருவங்கள் நெருங்கி நேர்க்கோடுகள் விழும். புரொசீரஸ் இழுக்கும்போது மூக்கின் வேரில் குறுக்குக் கோடு விழும். இளம் வயதில் தசை தளர்ந்ததும் தோல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பட்டுப்புடவையை மடிப்பு மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் வைத்தால் மடிப்பிலேயே இழை நைந்துபோவதைப் போல, ஒரே இடத்தில் பல்லாயிரம் முறை மடிந்த தோலிலும், வெயிலால் அதற்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் குறையக் குறைய, மடிப்பு நிலைத்துவிடுகிறது. முதல் வகையை அசைவில் தோன்றும் கோடு என்றும், இரண்டாம் வகையை ஓய்விலும் நிற்கும் கோடு என்றும் பிரித்துப் பார்க்கிறோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு இரண்டும் கலந்திருக்கிறது.

இதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். வீட்டின் உள்முற்றமான வளவில் நின்று பார்க்க வேண்டாம். மேலிருந்து விழுகிற வெளிச்சம் சிறிய பள்ளத்திலும் நிழலைத் தேக்கிக் கோட்டை ஆழமாகக் காட்டும். வீட்டு முகப்பில், வெளிச்சம் முகத்துக்கு நேரே விழும்படி உட்கார்ந்து, முகத்தைத் தளரவிட்டு ஒரு படமும், புருவத்தை நெரித்து ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். தளர்ந்த நிலையில் இரண்டு விரலால் தோலை மெல்ல விரித்தால் கோடு மறைகிறதா என்றும் பாருங்கள். மறைந்தால் மடிப்பு மேலோட்டமானது. மறையாவிட்டால் எந்த ஒரு சிகிச்சையும் அதை முழுவதும் எடுத்துவிடாது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்வது நல்லது.

இனி, போடாக்ஸ் என்று பலர் அறிந்த ஊசி. பள்ளத்தூர் ஆச்சி கேட்டதற்கு நேரான பதில்: ஆம், அது நச்சுதான். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியா உண்டாக்கும் புரதம் அது. கெட்டுப்போன உணவின் வழியாக உடலுக்குள் போனால் மூச்சுத் தசையையே செயலிழக்கச் செய்து உயிரைக் குடிக்கும். மருந்தாகும்போது அதன் அளவு மிக மிகச் சிறியது. உடலெங்கும் பரவாமல் குறித்த தசைக்குள்ளேயே செலுத்தப்படுகிறது. நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளியேறித் தசைக்குச் செய்தி சொன்னால்தான் தசை சுருங்கும். இந்த மருந்து அந்த வெளியேற்றத்தைத் தடுக்கிறது. எனவே அது பள்ளத்தை நிரப்புவதும் இல்லை, தோலை இழுப்பதும் இல்லை. மடிக்கிற கையைச் சில மாதம் கட்டிவைக்கிறது என்று சொல்லலாம்.

இது அழகுக்கலையில் பிறந்த மருந்தன்று. மாறுகண்ணுக்கு மருந்து தேடிய ஆலன் ஸ்காட் என்னும் அமெரிக்கக் கண் மருத்துவரின் உழைப்பால், 1989இல் மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்பு நோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கரூதர்ஸ் என்னும் கண் மருத்துவர் 1987இல் இமைத்துடிப்புக்கு ஊசி போட்டுவந்தபோது, ஒரு நோயாளி தம் புருவ மத்தியிலும் போடும்படி கேட்டார். அங்கே போட்டால் முகத்தின் கவலைக்குறி மறைந்துவிடுகிறது என்பது அந்த நோயாளி கண்டது. ஜீன் கரூதர்ஸின் கணவர் தோல் மருத்துவர். இருவரும் சேர்ந்து 1992இல் அதை ஆய்விதழில் வெளியிட்டார்கள். 2002 ஏப்ரலில் புருவ மத்திக் கோடுகளுக்கென்றே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. முதன்முதலில் கோட்டுக்காக ஊசி போட்டுக்கொண்டவர் அந்த மருத்துவமனையின் வரவேற்பாளர். உங்களைப் போலவே, வருகிற மனிதர்களின் முகம் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டிய வேலையில் இருந்தவர்.

வழக்கமான அளவு, போடாக்ஸ் என்ற தயாரிப்பில், ஐந்து இடங்களில் 4 யூனிட் வீதம் 20 யூனிட். டிஸ்போர்ட் என்ற தயாரிப்பில் அதே வேலைக்கு 50 யூனிட். ஒரு தயாரிப்பின் யூனிட் இன்னொன்றின் யூனிட்டுக்குச் சமமன்று. ஆகவே எத்தனை யூனிட் என்று கேட்பதோடு எந்தத் தயாரிப்பு என்றும் கேட்க வேண்டும். மூன்று நான்கு நாளில் தளர்வு தெரியத் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுமை பெற்று, மூன்று முதல் நான்கு மாதம் நிற்கும். பிறகு நரம்பு நுனி மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிடும். 12 வாரத்துக்கு முன் மீண்டும் போடக் கூடாது. கருவுற்றவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற தசைச்சோர்வு நோய் உள்ளவர்கள், ஊசி போடும் இடத்தில் கட்டியோ புண்ணோ உள்ளவர்கள் இதைப் போட்டுக்கொள்ளவே கூடாது. பசும்பால் புரதம் ஒவ்வாதவர்களுக்கு டிஸ்போர்ட் ஆகாது.

ஃபில்லர் பற்றித்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கன்னத்திலும் உதட்டிலும் போடுகிற அதே ஹயலூரானிக் அமில ஃபில்லரைப் புருவ மத்தியில் போடுவது வேறு கதை. அங்கே தோலுக்குச் சற்றே கீழே ஓடுகிற மெல்லிய தமனிகள், கண்ணுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியின் கிளைகள். ஃபில்லரில் ஒரு துளி தவறி அதற்குள் போய், ஊசியின் அழுத்தத்தால் பின்னோக்கித் தள்ளப்பட்டால், விழித்திரைக்குப் போகும் குழாயை அடைத்துவிடும். ஃபில்லரால் பார்வை பறிபோன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் மிகுதியாகப் பதிவான இடங்களில் புருவ மத்தியும் ஒன்று. தோலுக்கு இரத்தம் நின்றுபோய் அந்த இடம் கருகிப் புண்ணாவதும் உண்டு. ஹயலூரானிடேஸ் என்னும் கரைப்பான் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, தமனியின் ஓட்டத்தை நன்கறிந்த சிலர் மட்டும், ஊசியால் மாறாத ஆழக்கோட்டுக்கு மிகக் குறைந்த அளவில் செய்வதுண்டு. நான் செய்வதில்லை, சலுகை விலையில் சேர்த்துக் கொடுக்கிற பொருளும் அதுவன்று. ஏற்கெனவே எவரேனும் போட்டுக்கொண்டு, போட்ட உடனேயோ சில மணி நேரத்திலோ கடும் வலி, தோல் வெளிறுதல், வலைபோன்ற நீலத்திட்டு, பார்வை மங்கல் இவற்றில் எதைக் கண்டாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. இரத்தம் நின்ற விழித்திரை 60 முதல் 90 நிமிடம்கூடத் தாங்குவது கடினம்.

லேசரைப் பொறுத்தவரை, தசை அசைந்துகொண்டே இருக்கும்போது மேல்தோலைப் புதுப்பித்தால் மடிப்பு திரும்பவும் விழும். அதோடு, நம்மைப் போன்ற மாநிறத்தோலில் சூடுபட்ட இடம் கறுத்துப்போகும் வாய்ப்பு வெளுத்த தோலைவிட அதிகம். கோட்டை எடுக்கப் போய் நெற்றி நடுவில் கரும்படலத்தோடு மாதக்கணக்கில் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் அடியாக அதை எடுத்து வைக்க வேண்டாம்.

விளக்கெண்ணெய் தோலின் ஈரத்தைக் காக்கும். ஈரம் நின்ற தோலில் மெல்லிய கோடுகள் சற்று மழுங்கித் தெரியும். அப்பத்தாள் செய்ததில் குறையேதும் இல்லை. முட்டை வெள்ளைக்கரு காய்ந்து இழுப்பதும் உண்மை, கழுவும் வரைக்கும். தசையை இவை தொடுவதில்லை. எலுமிச்சைச் சாற்றை மட்டும் யாரும் நெற்றியில் பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், தோல் வெந்துவிடும்.

கோட்டையூர் ஆரித் தையல் எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. ரசீதின் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணைக் காட்டிவிட்டீர்களா?

நான் முகூர்த்த ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறேன். சட்டத்தில் இறுக்கிய துணியின் மேல் ஊசி வழியாக மணியை ஏற்றும்போது, 43 வயதுக்குப் பிறகு துளை மங்கத் தொடங்கியது. எனக்கு அது தெரியவே இல்லை. துணியைத் தள்ளித் தள்ளிப் பிடித்தேன், விளக்கைப் பெரிதாக்கினேன், புருவத்தை நெரித்து நெரித்துப் பார்த்தேன். நாள் முடிவில் மூக்குக்கு மேலே ஒரு கல்லை வைத்தாற்போல் வலிக்கும். என் மகள் ஒரு நாள் நான் வேலை செய்வதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினாள். எட்டு மணித்துளிப் படத்தில் ஒரு முறைகூட என் புருவம் தளரவில்லை. கண் மருத்துவர் வெள்ளெழுத்து என்று சொல்லிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கண்ணாடி போட்ட மூன்றாம் மாதம் என் நேர்க்கோடு முழுவதும் போகவில்லை, ஆனால் ஆழம் குறைந்தது. வலி அறவே நின்றுவிட்டது. ஊசி போட்டுக்கொண்டாலும் இதை முதலில் செய்யுங்கள் அக்கா. படிக்கச் சிரமப்படும்வரை புருவம் நெரிபட்டுக்கொண்டேதான் இருக்கும்.

தேவகோட்டை தோல் மருத்துவர் எழுதியது:

இதை என் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். கோட்டையூர் சகோதரி சொன்னது முற்றிலும் சரி. வெள்ளெழுத்து, கண் உலர்ச்சி, ஒற்றைத் தலைவலி, கண்கூசும் வெயில் ஆகியவை நம்மை அறியாமல் கொருகேட்டரை வேலை வாங்குகின்றன. நாற்பதைக் கடந்து இந்தக் கோட்டுக்காக வருகிற எவரையும் நான் கண் பரிசோதனை முடித்து வரச்சொல்லாமல் ஊசி போடுவதில்லை.

புதுவயல் வாசி எழுதியது:

எனக்கு நேர்ந்ததை யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. இங்கே எழுதினால் ஒருவருக்காவது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

என் கொழுந்தனார் மகள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, வெளியூரில் ஓர் அழகு நிலையத்தில் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டேன். போட்டவர் மருத்துவர் அல்லர் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். என்ன மருந்து, எத்தனை யூனிட் என்று எதுவும் எழுதித் தரவில்லை. போட்ட கையோடு முகத்துக்கு மசாஜும் செய்துவிட்டார்கள். ஆறாம் நாள் காலையில் இடது கண் இமை பாரமாக இருந்தது. எட்டாம் நாள் கருவிழியில் பாதியை மூடிவிட்டது. பெண் அழைப்பின்போது வருகிறவர்களை அடையாளம் காண, இடது இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணப் படங்கள் எதிலும் நான் நேராகப் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் தலையைப் பின்னால் சாய்த்து, தாழ்ந்த இமைக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, தூக்கம் போதாமல் இருக்கும் என்றார்கள். கண் மருத்துவர் ஒருவர்தான் சொட்டு மருந்து கொடுத்து, தானாகச் சரியாகும் என்று ஆறுதல் சொன்னார். இமை எழ ஏழு வாரம் ஆயிற்று.

மருத்துவர் ஐயா, அது என் தவறா, மசாஜின் தவறா, போட்ட இடத்தின் தவறா?

தேவகோட்டை தோல் மருத்துவர் எழுதியது:

உங்கள் தவறு அன்று, அம்மா. மேலிமையைத் தூக்குகிற தசை கண்குழிக்குள் மேற்பகுதியில் இருக்கிறது. புருவ மத்தியில் போட்ட மருந்து கீழ்நோக்கிக் கசிந்து அந்தத் தசையை எட்டினால் இமை தாழும். கைதேர்ந்தவர்கள் போட்டாலும் சிலருக்கு இது நேர்வதுண்டு. போடாக்ஸுக்கு அனுமதி பெற நடந்த ஆய்வுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு மூவருக்கு நேர்ந்தது. அதைக் குறைக்கத்தான் கண்குழி எலும்பின் விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு சென்டிமீட்டர் மேலே போடவும், மருந்தைக் கரைத்துக் கொடுக்கும் நீரின் அளவைக் கட்டுக்குள் வைக்கவும் சொல்லியிருக்கிறார்கள். போட்ட இடத்தை அன்றைக்குத் தேய்க்கவே கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம். மசாஜ் செய்தார்கள் என்று படித்தபோது மிகவும் வருந்தினேன். உங்களுக்குக் கொடுத்த சொட்டு மருந்து அப்ராக்ளோனிடைனாக இருக்கலாம். இமையின் இன்னொரு சிறிய தசையைத் தூண்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கிக் கொடுக்கும். மருந்தின் வேகம் தணியும்போது இமை தானாக எழும். விழா நாளுக்கு ஒரு மாதமாவது முன்பே போட்டுக்கொள்ளச் சொல்வதும் இதற்காகத்தான்.

ஆத்தங்குடிக்காரன் எழுதியது:

ஆண்களும் இதைப் பற்றிக் கேட்கலாம் என்று எடுத்துக்கொண்டு கேட்கிறேன். எனக்கு 58 வயது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறேன். 19 ஆண்டாகத் தவறியதில்லை. தலையில் துணி கட்டுவதோடு சரி, கறுப்புக் கண்ணாடி போட்டதில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே என் நெற்றி உழுத வயலைப் போல ஆகிவிட்டது. வருகிற ஆண்டு எனக்கு அறுபதாம் ஆண்டுச் சாந்தி விழா வைத்திருக்கிறார்கள். அதற்குள் சற்றே குறைந்தால் நன்றாக இருக்கும் என்று வீட்டில் ஆசைப்படுகிறார்கள். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் சாப்பிட்டுவருகிறேன். நான் போட்டுக்கொள்ளலாமா? போட்டுக்கொண்டு நடக்கலாமா? நாள்தோறும் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவன் நான், அதற்குத் தடை உண்டா?

தேவகோட்டை தோல் மருத்துவர் எழுதியது:

அண்ணன், ஆண்களுக்கு அந்தத் தசை தடித்திருப்பதால் பெரும்பாலும் கூடுதல் யூனிட் தேவைப்படும். ஆஸ்பிரினால் ஊசி பட்ட இடத்தில் இரத்தம் கன்றிப்போகலாம், சில நாளில் ஆறிவிடும். அதற்காக ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். போட்ட அன்று மட்டும் கடும் உடலுழைப்பு வேண்டாம். நடைப்பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகப் போட்டுக்கொண்டால், முழுப் பயனையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். திருநீறு பூசத் தடையில்லை. முதல் நாள் விரலை அழுத்தி இழுக்காமல் தொட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஊசியைவிட முதலில் வேண்டியது விளிம்புள்ள தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூசிக்கொள்ள எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனும்.

பெண்களுக்கும் இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், வேறெங்கும் இதைச் சொல்லக் கேட்டதில்லை. பொட்டு வைக்கிற இடமும் நடு ஊசி இறங்குகிற இடமும் ஏறத்தாழ ஒன்றே. ஊசி போட்ட அன்று ஒட்டுப்பொட்டு வேண்டாம்; எடுக்கும்போது தோலை இழுக்கும். குங்குமத்தை மறுநாள் மோதிர விரலால் மெல்ல ஒற்றி வையுங்கள். சில ஒட்டுப்பொட்டுகளின் பசையில் உள்ள ஒரு வேதிப்பொருளால் அந்த இடம் நிறமிழந்து வெள்ளைத் திட்டு விழுவதுண்டு. மட்டமான குங்குமத்தின் சாயத்தால் அரிப்பும் கறுப்பும் வருவதுண்டு. அப்படி ஏற்கெனவே ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் காட்டி, அதைக் குணப்படுத்திய பின்புதான் கிரீமோ லேசரோ எதுவும்.

கண்டனூர் மருந்தாளுநர் எழுதியது:

மருந்துக் கடையில் நின்று பார்க்கிறவன் என்ற முறையில் இரண்டு செய்திகள். இந்த ஊசி மருந்து உலர்ந்த பொடியாகச் சிறு குப்பியில் வருகிறது. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருந்து, உப்புநீர் சேர்த்துக் கரைத்தபின் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது தயாரிப்பாளர் குறிப்பு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், ஐஸ் இல்லாத பையில் பேருந்தில் பயணம் செய்து வந்த குப்பிக்கு எவ்வளவு வீரியம் மிஞ்சியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் கண்ணெதிரே குப்பியை எடுத்து, பெயரையும் காலாவதி நாளையும் காட்டச் சொல்லுங்கள். நல்ல மருத்துவர் அதற்காகக் கோபிக்க மாட்டார்.

அடுத்தது, சுருக்கத்துக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிற, இரவில் பூசும் டிரெட்டினாயின் என்னும் வைட்டமின் ஏ வகை மருந்து. "சுருக்கத்துக்கு கிரீம்" என்று கேட்டு வருகிறவர்கள், பக்கத்து வீட்டார் சொன்ன கூட்டு கிரீமின் பெயரைச் சொல்கிறார்கள். அதில் டிரெட்டினாயினோடு ஸ்டீராய்டும், நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோனும் கலந்திருக்கும். முதல் மாதம் முகம் வெளுத்து மினுங்கும்; நாள்பட்டால் தோல் மெலிந்து, சிவந்து, சிறு இரத்தக்குழாய்கள் வெளியே தெரியத் தொடங்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத பொருள் அது. நான் கொடுப்பதில்லை என்பதால் என்னோடு சண்டையிட்டுப் போனவர்கள் உண்டு.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். விஷம் என்று அஞ்சியது தெளிந்துவிட்டது. ஆனாலும் ஒன்று கேட்காமல் இருக்க மனம் வரவில்லை. எங்கள் ஆத்தாவுக்கும் புருவ மத்தியில் இதே கோடு இருந்தது. அப்பச்சி மலேயாவில் இருந்த காலத்தில், கடிதம் வராத மாதங்களில் அது விழுந்தது என்று சொல்வார்கள். அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். பாடுபட்டு வந்த அடையாளத்தை எதற்காக அழிக்க வேண்டும், தங்கச்சி?

செக்காலை வாசகி எழுதியது:

ஆச்சி, உங்கள் கேள்வியை இரண்டு நாள் மனத்தில் வைத்திருந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்கள் ஆத்தாவின் கோடு அவர்கள் பட்டதைச் சொன்னது. என் கோடு நான் படாத ஒன்றைச் சொல்கிறது. கோபப்படாதபோது கோபக்காரி என்கிறது. கண்ணோரச் சுருக்கத்தையும் நரையையும் நான் தொடப் போவதில்லை. முன்னால் வந்து நிற்கிறவர்கள் அஞ்சிப் பெஞ்சில் உட்காராமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

செக்காலை வாசகி எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்வதாக வாக்குக் கொடுத்தவர்கள் பலர் சொல்லாமலே போய்விடுகிறார்கள்.

முதலில் கண்ணைக் காட்டினேன். கிட்டத்தில் வைத்துப் படிக்க 1.75 பவர் வெள்ளெழுத்துக் கண்ணாடி. நான்கு ஆண்டுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும் என்றார் கண் மருத்துவர். கண்ணாடி வந்த முதல் நாள், ரசீதை மடியிலேயே வைத்துப் படித்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பட்டம் பெற்ற தோல் மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அவரும் ஃபில்லரை மறுத்தார், லேசரைத் தள்ளி வைத்தார். குப்பியை நான் கேட்பதற்கு முன்பே காட்டி, பெயரையும் 20 யூனிட் என்பதையும் சீட்டில் எழுதினார். யூனிட்டுக்கு 350 ரூபாய் வீதம் ஆயிற்று. புருவத்தை நெரிக்கச் சொல்லி, தசை திரளும் இடங்களில் வெள்ளைப் பென்சிலால் ஐந்து புள்ளி வைத்தார். எறும்பு கடித்தாற்போல் ஐந்து கடி. மூக்கின் வேரில் விழுந்தது மட்டும் கண்ணில் நீரை வரவழைத்தது. நான்கு மணி நேரம் படுக்காமல், நெற்றியைத் தொடாமல் இருந்தேன். அன்று மாலை சற்றே தலைவலி, அடுத்த நாள் இல்லை. நான்காம் நாள் கணக்கு இடித்தபோது வழக்கம்போல் புருவத்தை நெரிக்கப் போனேன். நெற்றியில் ஈரத்துணியைப் போட்டாற்போல் ஒரு கனம் தெரிந்ததே தவிர, புருவம் நெருங்கவில்லை. இரண்டாம் வாரம் அதே முகப்பு வெளிச்சத்தில் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நெரிக்கும்போது விழும் கோடு இல்லை. ஓய்வில் நிற்கும் கோடு பாதிக்கு மேல் மழுங்கியிருக்கிறது, இடது பக்கக் கோடு மட்டும் மயிரிழையாக மிச்சம் இருக்கிறது. அதற்குக் காலையில் சன்ஸ்கிரீனும், இரவில் 0.025 சதவீத டிரெட்டினாயின் பட்டாணியளவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்றார். முதல் இரண்டு வாரம் தோல் உரிந்தது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசியபின் அடங்கிவிட்டது.

ஆத்தங்குடி அண்ணனுக்கு: கன்றிப்போதல் எனக்கு வரவில்லை, ஆனால் நான் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவள் அல்ல. புதுவயல் அக்காவுக்கு: உங்கள் பதிவைத் தாளில் எழுதிக்கொண்டு போய்த்தான் அந்த மருத்துவரிடம் கேள்வி கேட்டேன்.

இவ்வளவு நாளும் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே விரலை வைத்தால் பொட்டு தானாக நேரே அமர்ந்துவிடும். இப்போது காலையில் கண்ணாடியைப் பார்த்து நடுவைத் தேடி வைக்க வேண்டியிருக்கிறது.